சுக்கான்கட்டுத் தூக்கம்

ஊருக்குள் யாராவது கூச்சமில்லாமல் காலை நீட்டி உட்கார்ந்தாலோ, அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்தாலோ, "சுக்கான்கட்டுப் புத்தி போகுமா?" என்று ஒரு சொல் உடனே வந்து விழும். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன கட்டு, எங்கே இருக்கிறது என்று தெரியாது. திட்டுவதற்கு வசதியான வார்த்தை என்பது மட்டும் தெரியும். பாய்க்காரம்மாவுக்கு அது திட்டு இல்லை. அவள் வேலை பார்க்கிற இடம்.

கப்பலின் அடித்தளத்தில், வாலை ஒட்டி, ஜன்னலே இல்லாத ஒரு நீளக் கூடம். வீட்டுக்கு முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று இருப்பதைப் போலக் கப்பலுக்கும் உண்டு. இது கடைசிக் கட்டு. படிக்கட்டு இறங்கும் இடத்தில் கம்பெனி ஆங்கிலத்தில் ஸ்டியரேஜ் என்று எழுதி வைத்திருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மேல்தளத்தில் அறை எடுத்துக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் சுக்கான்கட்டு என்று சொல்லிக்கொண்டு மூட்டையோடு கீழே இறங்கினார்கள்.

இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாயும் போர்வையும் கொடுப்பதுதான் பாய்க்காரம்மாவின் வேலை என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. அது வேலையின் நுனி. கடல் கொந்தளித்தால் வாந்திக்கு வாளி நீட்ட வேண்டும். இடத்துக்குச் சண்டை வந்தால் நடுவில் போய்ப் படுக்க வேண்டும். பெண்களுக்குத் துணி கட்டி மறைப்புச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கரை வருவதற்கு முன்னால் எல்லோரையும் எழுப்பிப் பாயைச் சுருட்டி வாங்கி அடுக்க வேண்டும். சேர்ந்த பிறகு எழுப்பினால் மேல்தளத்துக்காரர்கள் இறங்கும்போது இவர்களும் மூட்டையோடு குறுக்கே வருவார்களாம். பெரிய மனிதர்கள் காலில் பாய் தட்டினால் கம்பெனிக்கு மரியாதைக் குறைவாம்.

அங்கே கடிகாரம் ஒன்று சுவரில் இருந்தது. அது தன் இஷ்டத்துக்கு ஓடும், தன் இஷ்டத்துக்கு நிற்கும். அதை நம்பி அவள் ஒரு நாளும் யாரையும் எழுப்பியதில்லை. கூடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் சுக்கானைத் திருப்புகிற இயந்திரம். நடுக்கடலில் அது சும்மா முனகிக்கொண்டே இருக்கும். துறைமுகத்து வாயில் அலைதடுப்புச் சுவரைச் சுற்றி வளையும்போது மட்டும் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு உறுமல் உறுமும். இரும்புச் சுவர் அதிரும், வாளி நகரும். அந்த உறுமல் கேட்டால் பாய்க்காரம்மா எழுந்துவிடுவாள். "ஊரு வந்துருச்சு, எந்திரிங்க, பாயைச் சுருட்டுங்க" என்று தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை சொல்லிக்கொண்டே போவாள். இத்தனை வருஷத்தில் அது தப்பியதில்லை.

அந்தச் சுவரில் சின்னதாக ஒரு இரும்புக் கதவு. அதன் வழியாகத்தான் அவளுக்குப் புருஷன் வந்தார்.

அவர் அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவர். கப்பலில் எல்லோருக்கும் எண்ணெய்க்காரர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீர் குடிக்கக் கூடத்துக் குழாய்க்கு வருவார். வருவார், குடிப்பார், போவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி. அன்றைக்கு மேல்தளத்து அம்மாள் ஒருத்தி, "சுக்கான்கட்டு நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு இவளைத் தாண்டிப் போயிருந்தாள். அந்த எரிச்சலில், எதிரே வந்த எண்ணெய்க்காரரிடம் கேட்டாள்.

"ஏங்க, இதுக்கு ஏன் இந்தப் பேரு வந்துச்சு? நீங்க அந்தப் பக்கம்தானே இருக்கீங்க, தெரியுமா?"

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். "பழைய கப்பல்ல, மேல சக்கரத்தைத் திருப்பினா கீழ சுக்கான் திரும்பணும் இல்ல, அதுக்குச் சங்கிலி. அந்தச் சங்கிலி இந்தத் தரை மேலதான் ஓடிச்சாம். சங்கிலி ஓடுற இடத்துல சரக்கு ஏத்த முடியாது, மூட்டை சிக்கினா சுக்கான் நின்னுடும். காசுள்ளவனுக்கு அறையும் கட்ட முடியாது, இந்தச் சத்தத்துல அவனுக்குத் தூக்கம் வராது. இடத்தைச் சும்மா விட கம்பெனிக்கு மனசு வருமா?"

"அதனால?"

"மூட்டை தானா நகராது. மனுஷன்னா சங்கிலி வரும்போது காலை மடக்கிக்குவான். அதனால மனுஷனை ஏத்தினாங்க."

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு, "இப்பச் சங்கிலியைக் காணோமே" என்றாள்.

"சங்கிலி போயி எண்ணெய்க் குழாய் வந்துடுச்சு. பேரு மட்டும் தங்கிடுச்சு. முதல்ல இடத்துக்குப் பேரு. அப்புறம் சீட்டுக்குப் பேரு. இப்பப் படுக்கிறவனுக்கே அதான் பேரு."

அவர் அதுவரை யாரிடமும் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அடுத்த பயணத்தில் தண்ணீர் குடிக்க இரண்டு தடவை வந்தார். அதற்கடுத்த பயணத்தில் தாகம் தீரவே இல்லை. வார்த்தைக்கு அர்த்தம் கேட்கப் போய்க் கல்யாணத்தில் முடிந்தது என்று துணிக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார். துணிக்காரர் என்பவர் சேலை மூட்டையோடு மாதம் ஒரு தடவையாவது சுக்கான்கட்டில் வந்துபோகும் கிழவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

கல்யாணமானவர்கள் ஒரு வீடு பார்ப்பது உலக வழக்கம். இவர்களும் துறைமுகத்துக்குப் பின்தெருவில், மாடியில், ஒரே ஒரு அறை பார்த்தார்கள். குடித்தனம் நடத்தியது கப்பலில், வாடகை கட்டியது அறைக்கு. அவர் அந்தப் பக்கம் முறை பார்க்கும்போது அவள் இந்தப் பக்கம் வேலை. அவர் முறை முடிந்து இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்து முதுகைச் சுவரில் ஒட்டிப் படுக்கும்போது, அவள் இந்தப் பக்கம் யார் வாந்திக்கோ வாளி பிடித்துக்கொண்டிருப்பாள். கப்பல் கரை சேர்ந்தால் அரை நாளில் மறுபடி கிளம்பிவிடும். அந்த அரை நாளில் அவள் கூடத்தைக் கழுவி, போர்வை உலர்த்தி, அறைக்கு ஓடி, ஒரு சோறு வடித்து, துணி துவைத்துத் திரும்பி ஓடி வர வேண்டும். மகன் ஒருவன் பிறந்ததே கம்பெனி கப்பலைப் பழுது பார்க்க நிறுத்திய மாதத்தின் புண்ணியம். அந்த மாதத்திலும் இரண்டு பேரும் தூங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

மகன் வளர்ந்து, தூர தேசத்தில் வேலைக்குப் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். எண்ணெய்க்காரருக்கு வயதானது, காது பாதி போனது, கம்பெனி ஒரு மாலையும் ஒரு சால்வையும் போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தது. பாய்க்காரம்மாவுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் வேலை பாக்கி இருந்தது.

இனிமேல் மனுஷர் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். மாடி அறையில் ஒரு கட்டில் போட்டாள், பஞ்சு மெத்தை போட்டாள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். அந்தப் பழமொழி இவரிடம் தோற்றது. மெத்தை மேல் படுத்தால் தூக்கம் வரவில்லை. தரையில் படுத்தார், வரவில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளி முதுகை ஒட்டிப் படுத்தார். அப்போதும் வரவில்லை.

"என்னங்க செய்யுது உங்களுக்கு?"

"இந்தச் சுவரு செத்த சுவரு" என்றார் அவர். "கையை வச்சுப் பாரு. ஒண்ணுமே இல்ல."

முதல் மாதம் சிரிப்பாக இருந்தது. ஆட்டம் கண்டுபோன பழைய மின்விசிறி ஒன்றை வாங்கிவந்து, கடகடவென்று ஓட விட்டார். கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததுதான் மிச்சம். மாத்திரை போட்டார். மாத்திரை போட்டால் கண் மூடியது, தூக்கம் வரவில்லை. அது வேறு இது வேறு என்று தூக்கமில்லாதவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவை அவள் கப்பலிலிருந்து வரும்போதும் மனுஷர் ஒரு சுற்று இளைத்திருந்தார். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து அறையெல்லாம் கேஸ் நாற்றம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் தெருவைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிட்டார். லாரிக்காரன் இறங்கி வந்து கையைப் பிடித்து ஓரத்தில் விட்டுவிட்டு, "வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டானாம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ரத்தக் கொதிப்பு ஏறிக்கிட்டே போகுது. இதயம் களைச்சுப் போயிருக்கு. இவரு தூங்கணும்மா. தூங்கலைன்னா எந்த மருந்துக்கும் கேக்காது. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்க மாட்டாரு."

அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். சுவர்தானே வேண்டும்? உயிருள்ள சுவர் ஒன்று அவள் கைவசம் இருந்தது. ஒரு பயணம் கூட்டிப் போய் அங்கே படுக்க வைக்கலாம். ஒரு தடவை தூக்கம் பிடித்துவிட்டால் உடம்பு பழசை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அங்கேதான் கம்பெனியின் மரியாதை குறுக்கே வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு இலவசச் சீட்டு உண்டு, ஆனால் மேல்தளத்து அறைக்கு மட்டும். "நம்ம பழைய ஆளு சுக்கான்கட்டுல படுத்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று தலைமை ஸ்டூவர்ட் கேட்டார். பயணிகளைக் கவனிக்கிறவர்களுக்கெல்லாம் மேலதிகாரி, வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை, ஆனால் சட்டையை இஸ்திரி போடுவதைப் போலவே சட்டத்தையும் மடிப்புக் கலையாமல் வைத்திருப்பவர். "மேல ஒரு அறையே ஒதுக்கியிருக்கேன் பாய்க்காரம்மா. வெள்ளை விரிப்பு, ஜன்னல், எல்லாம் இருக்கு. அண்ணனுக்கு என்ன குறை?"

குறை ஒன்றும் இல்லை, தூக்கம் மட்டும்தான் இல்லை. கிளம்பிய அன்று இரவு முழுக்க எண்ணெய்க்காரர் வெள்ளை விரிப்பில் பிணம் மாதிரி மல்லாந்து கிடந்தார். பாய்க்காரம்மா கீழே பாய் விரித்துக்கொடுத்துவிட்டு மேலே ஓடுவாள், கதவை லேசாகத் திறப்பாள். விழித்துக்கொண்டிருப்பார். கீழே ஓடி ஒரு குழந்தைக்கு வாளி நீட்டிவிட்டு மறுபடி மேலே ஓடுவாள். விழித்துக்கொண்டிருப்பார். முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தது. தனக்கும் தூக்கம் என்று ஒன்று உண்டு என்பது அவள் நினைவில் வரவே இல்லை. வருஷக்கணக்காகவே வருவதில்லை.

பொழுது விடிந்ததும் போய் ஸ்டூவர்ட் முன்னால் நின்றாள்.

"சார், சட்டமெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். பகல்ல மட்டும் கீழ வந்து படுக்கட்டும். யாரு கேட்டாலும் என் புருஷன் எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காருன்னு சொல்லிக்கிறேன்."

ஸ்டூவர்ட் அவள் முகத்தைப் பார்த்தார். ராத்திரி முழுக்கப் படியேறியவளின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "நான் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பின்சுவரை ஒட்டி, இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், பாய் மேல் பாயாக விரித்தாள். துணிக்காரர் தன் சேலை மூட்டையைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தார். "வாங்க மாப்பிள்ளை, மேல ராஜ உபசாரமாமே?" என்றார். எண்ணெய்க்காரர் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது. முதுகைச் சுவரில் ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடினார்.

பாய்க்காரம்மா பக்கத்திலேயே நின்றாள். மூச்சு சீராகும் வரை நின்றாள். வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுருட்டிய பாய்க் குவியலுக்குப் பின்னால் போனாள். அதற்குப் பிறகு அவள் நடத்திய ராஜ்ஜியம் இருக்கிறதே, கப்பல் தலைவர் கூட அப்படி நடத்தியதில்லை. ஓடிய பிள்ளைகளை உதட்டில் விரல் வைத்து உட்கார வைத்தாள். செல்போனில் பாட்டு வைத்திருந்த இளைஞன் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள், அவன் அணைத்துவிட்டான். டம்ளரைக் கீழே போட்ட ஒரு பெண்ணை அவள் முறைத்த முறைப்பில் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். கூடமே ஒரு மனிதரின் தூக்கத்துக்குக் காவல் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுப்பலாமா என்று துணிக்காரர் சாடையாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள். சோற்றுத் தட்டை மூடி வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டு, கூடம் அசந்து, அங்கங்கே கண்ணயர்ந்தார்கள். பாய்க்காரம்மா குவியலில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்து மட்டும்தான் உட்கார்ந்தாள். புருஷன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இமை தானாக இறங்கியது.

உறுமல் கேட்டது.

அடிவயிற்றிலிருந்து, நீளமாக. சுவர் அதிர்ந்தது, வாளி நகர்ந்தது. அவள் எழுந்து நின்ற பிறகுதான் விழித்தாள். எவ்வளவு நேரம் அசந்தோம் என்று தெரியவில்லை. பாயெல்லாம் விரித்தபடி கிடக்கிறது, கரை வந்துவிட்டது, மேல்தளத்துக்காரர்கள் இறங்கப் போகிறார்கள். வேறொன்றும் அவள் தலையில் இல்லை. கால் தானாக நடந்தது, வாய் தானாகச் சொன்னது.

"ஊரு வந்துருச்சு, எந்திரிங்க, எந்திரிங்க, பாயைச் சுருட்டுங்க."

தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை. கூடம் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தது. பிள்ளைகள் அழுதன. மூட்டைகள் கட்டினார்கள், செருப்புத் தேடினார்கள், படிக்கட்டில் எள் விழ இடமில்லாமல் போய் நெருக்கினார்கள். அவள் பாய்களை வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டே கடைசிச் சுவருக்கு வந்தாள்.

எண்ணெய்க்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"இது துறைமுகத்துத் திருப்பம் இல்லையே" என்றார். "முழுசாச் சுத்துறான். திரும்பிப் போறான்."

அவள் கையில் இருந்த பாய் நழுவியது.

மேலே போனவர்கள் அதற்குள் கத்த ஆரம்பித்தார்கள். நான்கு பக்கமும் கடல், கரையும் இல்லை காக்கையும் இல்லை. இயந்திரம் நின்றுபோன மீன்பிடிப் படகு ஒன்று துணியை ஆட்டி உதவி கேட்டதாம். கப்பல் அதற்காகத் திரும்பியதாம். பாதுகாப்புப் படகு வந்து சேரும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்க வேண்டுமாம். சாயங்காலம் சேர வேண்டிய கப்பல் எப்போது சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கி இதைச் சொன்னபோது, சுக்கான்கட்டுக்காரர்கள் இடுப்பில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாகப் படிக்கட்டில் நின்றிருந்தார்கள். தலைமை ஸ்டூவர்ட் மேலிருந்து கீழே பார்த்தார்.

"யாரு இவங்களை எழுப்பினது?"

எல்லோரும் திரும்பிப் பாய்க்காரம்மாவைப் பார்த்தார்கள்.

திட்டிக்கொண்டே எல்லோரும் இறங்கி வந்தார்கள். பாய்க்காரம்மா ஒவ்வொருவரிடமும் பாயைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுப் புருஷன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"படுங்க. கண்ணை மூடுங்க. மறுபடி வந்துடும்."

அவர் படுத்தார், முதுகை ஒட்டினார், கண்ணை மூடினார். அவளுக்காக மூடினார் என்பது அவளுக்கே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் திறந்தார்.

"போயிடுச்சா?" என்றாள்.

"விடு."

"நானே கெடுத்துட்டேன்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரையெல்லாம் வாயை மூடச் சொல்லிட்டு நானே கத்தி எழுப்பிட்டேன். அந்தச் சத்தத்துல கூட நீங்க எழுந்திருக்கலையே. என் வாய்தான் எழுப்பிச்சு. உங்களைக் கொல்லப் பார்த்தேனே."

"ஆமா. அந்த உறுமல்ல நல்லாத் தூங்கினேன்" என்றார் அவர், உள்ளதைச் சொல்வதுபோல. பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் அரை அரை நாளாகப் பார்த்த முகம். சோறு வடித்துக்கொண்டோ துணி பிழிந்துகொண்டோ இருந்த முகம். சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. "ஆமா, நீ எப்படி அசந்த? திருப்பம் எது, சுத்துறது எதுன்னு உனக்கா தெரியாது? அசந்துதான் போயிருக்கே."

"கொஞ்சம் கண்ணு சொக்கிடுச்சு."

"கடைசியா எப்பப் படுத்தே?"

அவள் யோசித்தாள். கரையில் அரை நாள் வேலை. கப்பலில் உறுமலுக்குக் காது கொடுத்துக்கொண்டே ஒரு சாய்வு, ஒரு அரைத்தூக்கம். படுத்தோமா என்று கேட்டால், பாய் விரித்திருக்கிறாள், ஊருக்கெல்லாம் விரித்திருக்கிறாள்.

எண்ணெய்க்காரர் எழுந்தார். சுவரோரத்து இடத்தைக் கையால் தட்டினார்.

"படு."

"விளையாடாதீங்க. கரை வந்தா யாரு எழுப்புறது?"

"எனக்குத்தான் தூக்கம் போயிடுச்சே. நான் எழுப்புறேன். திருப்பம் எதுன்னு உன்னை விட எனக்குத் தெரியும்." அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் காட்டினார். "காதே வேண்டாம்."

அவள் மறுத்தாள். ஸ்டூவர்ட் பார்த்தால் என்ன ஆகும் என்றாள். துணிக்காரர் பக்கத்துப் பாயிலிருந்து, "ஏன் தங்கச்சி, எழுப்ப வேண்டாதப்போ எழுப்பினே. தூங்க வேண்டிய நேரத்துல தூங்கித்தான் பாரேன்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். திட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, ஒரு நிமிஷம் முதுகைச் சாய்க்கிறேன் என்று சொல்லிப் படுத்தாள். சொல்லி முடித்தாளா என்பது அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது கூடம் காலியாக இருந்தது.

முதலில் அவளுக்கு உறைத்தது அமைதிதான். முனகல் இல்லை, அதிர்வு இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள் என்றால் கப்பல் கரை சேர்ந்து, கட்டி, வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். பாய்கள் எல்லாம் சுருட்டி, நுனி மடித்து, அவள் அடுக்குவதை விட ஒழுங்காக அடுக்கியிருந்தன. இரண்டு பாய் மட்டும் விரித்தபடி இருந்தது. ஒன்றில் அவள். இன்னொன்றில் எண்ணெய்க்காரர்.

தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, கை பரப்பி, கன்னத்தில் பாயின் வரி பதிந்து. சுவர் அந்தப் பக்கம் இருந்தது. அவர் முதுகு அதில் இல்லை. இவள் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார்.

படிக்கட்டின் அடிப்படியில் தலைமை ஸ்டூவர்ட் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலைந்திருந்தது.

"சார்" என்று பதறி எழுந்தவளைக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "விடியக்காலம் கரை வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் தொட்டுத் தொட்டு எழுப்பிட்டாரு அண்ணன். ஒரு சத்தம் வரலை. எல்லாரும் இறங்கின பிறகு உங்களை எழுப்ப நான் வந்தேன். கையைப் பிடிச்சுத் தடுத்துட்டாரு."

"எப்பப் படுத்தாரு?"

"இயந்திரத்தை நிறுத்தினதுக்கு அப்புறம்தான். உங்க பக்கத்துல உட்கார்ந்து காவல் இருந்தாரு. உங்க குறட்டை படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு, தப்பா நினைக்காதீங்க. 'இந்தச் சத்தத்துல எப்படிண்ணே உட்கார்ந்திருக்கீங்க?'ன்னு கேட்டேன். 'எனக்குக் கேட்கலை தம்பி, ஆனா தரை அதிருது'ன்னாரு. சொல்லிக்கிட்டே சாஞ்சாரு. அப்படியே தூங்கிப் போயிட்டாரு."

தான் குறட்டை விடுவது பாய்க்காரம்மாவுக்குத் தெரியாது. சொல்வதற்கு இதுவரை ஆள் இருந்ததில்லை. அவள் இரும்புச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். செத்த சுவர். மாடி அறைச் சுவரைப் போலவே செத்த சுவர். அதற்குப் பக்கத்தில் மனுஷர் கட்டை மாதிரி கிடந்தார்.

"கூடம் கழுவணும்" என்றார் ஸ்டூவர்ட், சட்டம் ஞாபகம் வந்தவராக. "சாயங்காலம் கிளம்பறோம்."

"நான் வரலை சார். லீவு வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

"தூக்கம் தீர்ற வரைக்கும்."

"அண்ணனுக்கா?"

தன் பாயைச் சுருட்டக் குனிந்தவள், சுருட்டாமல் மறுபடி அதிலேயே படுத்துக்கொண்டாள்.